பாண்ட் பெண்

பாண்ட் பெண் என்பது ஜேம்ஸ் பாண்ட் புதினங்களிலும் திரைப்படங்களிலும் நாயகனுக்குக் காதலியாகவோ, துணையாகவோ, எதிரியாகவோ தோன்றும் முக்கியப் பெண் கதைமாந்தரையும், அவ்வேடத்தில் நடிக்கும் நடிகையையும் ஒருங்கே குறிக்கும் பெயராகும். பிரித்தானிய எழுத்தாளர் இயன் பிளெமிங் 1953 ஆம் ஆண்டில் வெளியிட்ட கேசினோ ராயல் என்ற முதற் புதினத்தில் இடம்பெற்ற வெஸ்பர் லிண்ட் இவ்வரிசையில் முதலாமவர். திரையில் இவ்வேடத்திற்கு இலக்கணம் வகுத்தவராக, 1962 இல் வெளியான டாக்டர் நோ திரைப்படத்தில் ஹனி ரைடர் வேடத்தில் நடித்த உர்சுலா ஆன்ட்ரெஸ் கருதப்படுகின்றார்.

ஈயான் புரொடக்சன்ஸ் நிறுவனம் 1962 முதல் 2021 வரை 25 பாண்ட் திரைப்படங்களைத் தயாரித்தது. அவற்றில் ஆறு நடிகர்கள் பாண்டாக நடித்துள்ளனர். நடிகர் மாறினாலும் பாண்டின் பெயர், பணி, பழக்கவழக்கங்கள் ஆகியவை பெரிதும் மாறவில்லை. ஆனால் பெண் வேடங்கள் ஏறத்தாழ ஒவ்வொரு படத்திலும் புதிதாக உருவாக்கப்பட்டன. இதனால் அடுத்த படத்தைப் பற்றிய இரசிகர்களின் ஊகங்களிலும் வதந்திகளிலும் பெரும் பங்கு பெண் வேடங்களைச் சுற்றியே எழுந்தது. இக்கட்டுரை அவ்வேடங்களின் வளர்ச்சியையும், அவற்றைப் பற்றிய முக்கிய வதந்திகளையும் அவற்றின் உண்மை நிலையையும் விளக்குகின்றது.

பெயரும் வரையறையும்

யார் யார் பாண்ட் பெண் என்பதற்கு அனைவரும் ஏற்கும் வரையறை எதுவும் இல்லை. பாண்டுடன் காதல் உறவு கொள்ளும் கதைமாந்தரை மட்டுமே சிலர் இப்பெயரால் அழைப்பர். வேறு சிலர் எதிரணியில் உள்ள பெண்களையும் சேர்த்துக்கொள்வர். செய்தித்தாள்கள் ஓரிரு நொடிகள் மட்டும் திரையில் தோன்றிய துணை நடிகையரையும் இப்பெயரால் குறிப்பிட்டுள்ளன. இந்தத் தெளிவின்மை பின்னர் கூறப்படும் ஒரு நிகழ்வில் பெருந்தீங்குக்குத் துணைபோனது.

பாண்டின் மேலதிகாரியான எம், அவரது செயலாளரான மணிபென்னி ஆகியோர் பொதுவாக இவ்வகையில் சேர்க்கப்படுவதில்லை. எனினும் பெண் வேடங்களின் மாற்றத்தை அறிய இவ்விரு வேடங்களும் இன்றியமையாதவை.

புதினங்களில்

பிளெமிங்கின் புதினங்களில் வரும் பெண்கள் பெரும்பாலும் துணிவும் தனித்திறமையும் உடையவர்களாகவும், கடந்தகாலத் துயரம் ஒன்றைச் சுமப்பவர்களாகவும் படைக்கப்பட்டுள்ளனர். 1962 இல் வெளியான த ஸ்பை ஹூ லவ்ட் மீ புதினம் முழுவதும் விவியன் மிஷெல் என்ற பெண்ணின் கூற்றாகவே அமைந்துள்ளது. அதில் பாண்ட் கதையின் பிற்பகுதியில்தான் தோன்றுகின்றார். 1977 இல் இதே பெயரில் வெளியான திரைப்படம் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு முற்றிலும் வேறு கதையைக் கூறியது.

புதினமும் திரைப்படமும் ஒன்றையொன்று பாதித்ததும் உண்டு. டாக்டர் நோ படப்பிடிப்பு நடைபெற்ற காலத்தில் பிளெமிங் எழுதிய ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ் புதினத்தில், ஆல்ப்ஸ் மலை உணவகம் ஒன்றின் விருந்தினர்களுள் ஒருவராக உர்சுலா ஆன்ட்ரெஸ் தம் சொந்தப் பெயரிலேயே குறிப்பிடப்படுகின்றார்.

திரைப்படங்களில்

1962–1969

டாக்டர் நோ படத்தில் வெண்ணிற நீச்சலுடையில் கடலிலிருந்து ஆன்ட்ரெஸ் எழுந்து வரும் காட்சி இத்தொடரின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. ஆனால் அப்படத்தில் ஒலிப்பது அவரது குரல் அன்று. ஆன்ட்ரெசின் உச்சரிப்பு காரணமாக அவரது உரையாடல்களை நிக்கி வான் டெர் சில் என்ற கலைஞர் பின்னணியில் பேசினார். அதே படத்தில் பாண்ட் முதன்முதலாகத் தம் பெயரைக் கூறி அறிமுகம் செய்துகொள்வது சில்வியா டிரெஞ்ச் என்ற பெண்ணிடம் ஆகும். அவ்வேடத்தில் நடித்த யூனிஸ் கேசனுக்கும் நிக்கி வான் டெர் சில்லே குரல் கொடுத்தார். பின்வந்த படங்களிலும் பல நடிகையருக்கு அவரது குரல் பயன்பட்டது. ஆயினும் அப்படங்களின் பெயர்ப்பட்டியலில் அவரது பெயர் இடம்பெறவில்லை. 1963 இல் வெளியான ஃப்ரம் ரஷ்யா வித் லவ் படத்தின் நாயகி டானியேலா பியாங்கிக்கு பார்பரா ஜெஃபோர்டு என்ற நடிகை குரல் கொடுத்தார்.

1964 இல் வெளியான கோல்ட்ஃபிங்கர் படத்தில் பெண் விமானிகளின் குழுவுக்குத் தலைவியாக ஹானர் பிளாக்மன் நடித்தார். தற்காப்புக் கலை அறிந்த, யாருக்கும் அஞ்சாத பெண்ணாக அவ்வேடம் அமைந்தது. எனினும் களஞ்சியம் ஒன்றில் பாண்ட் அவரை வலிந்து முத்தமிடுவதும், அதன்பின் அவர் பாண்டின் பக்கம் சாய்வதும் இன்று விமர்சகர்களால் கடுமையாகக் கண்டிக்கப்படுகின்றன.

இவ்வழக்கத்தைத் தொடரே அடுத்த ஆண்டில் எள்ளி நகையாடியது. 1965 இல் வெளியான தண்டர்பால் படத்தில் லூசியானா பலூட்சி ஏற்ற ஃபியோனா வோல்ப் என்ற எதிரணிப் பெண், பாண்டுடன் உறவு கொண்ட உடனே மனம் திருந்தி நல்வழிக்கு வரும் பெண்களுள் தாம் ஒருத்தி அல்லள் என்று பாண்டிடமே கூறுகின்றார்.

1969 இல் வெளியான ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ் படத்தில் டயானா ரிக் ஏற்ற டிரேசியைப் பாண்ட் மணக்கின்றார். திருமணம் முடிந்த சிறிது நேரத்திலேயே டிரேசி சுட்டுக் கொல்லப்படுகின்றார். பிளாக்மன், ரிக் ஆகிய இருவரும் த அவெஞ்சர்ஸ் என்ற பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரில் வீரமிக்க பெண் வேடங்களால் முன்னரே புகழ்பெற்றவர்கள் ஆவர்.

1971–1985

1970களில் பெண் கதைமாந்தருக்குப் பாண்டுக்கு இணையான பதவிகள் வழங்கப்படலாயின. 1977 இல் பார்பரா பாக் சோவியத் உளவுத்துறையின் மேஜராகவும், 1979 இல் வெளியான மூன்ரேக்கர் படத்தில் லோயிஸ் சைல்ஸ் அமெரிக்க உளவுத்துறையைச் சார்ந்த விண்வெளி அறிவியலாளராகவும் நடித்தனர். பதவி உயர்ந்தாலும், இறுதிக் காட்சியில் பாண்டின் அணைப்பில் முடியும் கதையமைப்பு மாறவில்லை.

1983 இல் வெளியான ஆக்டோபசி, பெண் கதைமாந்தர் ஒருவரின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. அவ்வேடத்தில் மாட் ஆடம்ஸ் நடித்தார். இவர் 1974 இல் வெளியான த மேன் வித் த கோல்டன் கன் படத்தில் வேறொரு வேடத்தில் நடித்தவர். ஆக்டோபசியின் சில பகுதிகள் இந்தியாவில் உதயப்பூரில் படமாக்கப்பட்டன. சென்னையில் பிறந்த டென்னிசு வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் பாண்டின் உதவியாளராக நடித்துள்ளார்.

1985 இல் வெளியான எ வியூ டு எ கில் படத்தில் கிரேஸ் ஜோன்ஸ் ஏற்ற மே டே என்ற எதிரணிப் பெண், பாண்டைக் காட்டிலும் உடல்வலிமை மிக்கவராகக் காட்டப்பட்டார்.

1987–2002

சட்டச் சிக்கல்களால் 1989 க்குப் பின் ஆறு ஆண்டுகள் பாண்ட் படம் எதுவும் வெளிவரவில்லை. அதற்குள் சோவியத் ஒன்றியம் கலைந்துவிட்டது. பிரித்தானிய உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5 இன் தலைவராக 1992 இல் ஸ்டெல்லா ரிமிங்டன் பொறுப்பேற்றார். அப்பதவியை வகித்த முதற் பெண் அவரே. 1995 இல் வெளியான கோல்டன்ஐ படத்தில் எம் வேடம் முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு, ஜூடி டென்ச்சுக்கு, வழங்கப்பட்டது. பாண்ட் பெண்களை இழிவாக எண்ணும் பழைய காலத்து மனிதர் என்று அப்படத்தில் எம் அவரது முகத்திற்கு நேரே கூறுகின்றார். இரசிகர்களும் விமர்சகர்களும் முப்பது ஆண்டுகளாகக் கூறிவந்த குறை இவ்வாறு திரைக்கதைக்குள்ளேயே இடம்பெற்றது.

1997 இல் வெளியான டுமாரோ நெவர் டைஸ் படத்தில் மிஷெல் யோ சீன உளவாளியாக நடித்துத் தம் சண்டைத்திறனால் பாராட்டுப் பெற்றார். 1999 இல் வெளியான த வேர்ல்ட் இஸ் நாட் இனஃப் படத்தில் சோஃபி மார்சோ ஏற்ற எலெக்ட்ரா கிங், காதலியாகத் தோன்றி இறுதியில் முதன்மை எதிரியாக வெளிப்படுகின்றார்.

2006–2021

2006 இல் வெளியான கேசினோ ராயல் படத்தில் ஈவா கிரீன் ஏற்ற வெஸ்பர் லிண்ட், பிரித்தானியக் கருவூலத்தின் அதிகாரியாக வந்து பாண்டின் செலவைக் கண்காணிக்கின்றார். இப்படத்தில் கடலிலிருந்து எழுந்து வருபவர் பாண்டாக நடித்த டேனியல் கிரெய்க் ஆவார். 1962 இல் பெண்ணின் உடல்மீது பதிந்திருந்த ஒளிப்படக்கருவியின் பார்வை இங்கு ஆணின் பக்கம் திரும்பியது.

2008 இல் வெளியான குவாண்டம் ஆஃப் சோலஸ் படத்தின் நாயகி கமீல், பாண்டுடன் உடலுறவு கொள்வதில்லை. தம் குடும்பத்தைக் கொன்றவனைப் பழிவாங்குவதே அவரது நோக்கமாகும். ஆனால் அதே படத்தில் ஃபீல்ட்ஸ் என்ற இளம் பெண் அதிகாரி பாண்டுடன் ஓர் இரவைக் கழித்தபின் எண்ணெய் பூசப்பட்ட பிணமாகக் கிடக்கின்றார். இது கோல்ட்ஃபிங்கர் படக் காட்சியின் நேரடி எதிரொலியாகும். புதிய போக்கும் பழைய வழக்கமும் ஒரே படத்தில் அருகருகே நிற்பதற்கு இது தக்க சான்று.

2015 இல் வெளியான ஸ்பெக்டர் படத்தில் மேடலின் ஸ்வான் வேடத்தில் நடித்த லேயா செடூ, 2021 இல் வெளியான நோ டைம் டு டை படத்திலும் அதே வேடத்தில் நாயகியாகத் தொடர்ந்தார். இத்தொடரில் நாயகி ஒருவரின் காதல் கதை இரு படங்களில் தொடர்வது இதுவே முதன்முறை. இப்படத்தின் திரைக்கதையாளர்களுள் ஒருவர் ஃபீபி வாலர்-பிரிட்ஜ். டாக்டர் நோ, ஃப்ரம் ரஷ்யா வித் லவ் ஆகிய படங்களின் எழுத்துப் பணியில் பங்கேற்ற ஜொஹானா ஹார்வுட்டுக்குப் பின், திரைக்கதையாளர் பட்டியலில் இடம்பெற்ற பெண் இவரே.

வயது வேறுபாடு

இரசிகர்களால் நெடுங்காலமாக விவாதிக்கப்படும் பொருள்களுள் ஒன்று நாயகனுக்கும் நாயகிக்கும் இடையிலான வயது வேறுபாடு. 1981 இல் வெளியான ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி படத்தின் நாயகன் ரோஜர் மூர் 1927 இல் பிறந்தவர். நாயகி கரோல் பூக்கே 1957 இல் பிறந்தவர். பாண்டாக நடித்தவரை விட வயதில் மூத்த நடிகையர் மிகச் சிலரே. ஹானர் பிளாக்மன், டயானா ரிக், ஸ்பெக்டர் படத்தில் நடித்த மோனிக்கா பெலூச்சி ஆகியோர் அவர்களுள் அடங்குவர்.

வதந்திகள்

தங்கப் பூச்சு மரணம்

கோல்ட்ஃபிங்கர் படத்தில் ஜில் மாஸ்டர்சன் என்ற பெண் உடல் முழுவதும் தங்கப் பூச்சுப் பூசப்பட்டுக் கொல்லப்படுகின்றார். தோல் மூச்சுவிட இயலாததால் அவர் இறந்ததாகப் படத்தில் விளக்கம் கூறப்படுகின்றது. இவ்வேடத்தில் நடித்த ஷெர்லி ஈட்டன் உண்மையிலேயே படப்பிடிப்பில் இறந்துவிட்டார் என்ற வதந்தி உலகெங்கும் பரவியது. இது முற்றிலும் தவறானது. ஈட்டன் அதன்பின்னும் பல படங்களில் நடித்தார். பல பத்தாண்டுகளுக்குப் பின்னரும் இவ்வதந்தியைப் பற்றிய கேள்விகளுக்கு விடையளித்து வந்தார்.

இவ்விளக்கம் அறிவியல் அடிப்படையிலும் பொருந்தாது. மனிதர்கள் நுரையீரல் வழியாகவே உயிர்வளியைப் பெறுகின்றனர். தோலை முழுவதும் மூடுவதால் வியர்வை தடைப்பட்டு நாளடைவில் உடல்வெப்பம் உயரக்கூடும். ஆனால் மூச்சுத்திணறல் ஏற்படாது. எனினும் அக்காலத்தில் இந்நம்பிக்கை பரவலாக இருந்தமையால், படக்குழுவினரே மருத்துவரை உடன் வைத்துக்கொண்டு உடலின் ஒரு சிறு பகுதியைப் பூசாமல் விட்டனர்.

பூண்டு முத்தம்

1969 ஆம் ஆண்டுப் படத்தின் தயாரிப்பின்போது, பாண்டாக நடித்த ஜார்ஜ் லேசன்பியை வெறுத்ததால் முத்தக் காட்சிக்கு முன் டயானா ரிக் வேண்டுமென்றே பூண்டு உண்டார் எனச் செய்திகள் வெளியாயின. உணவு வேளையில் செய்தியாளர்கள் இருக்கும்போது அவர் விளையாட்டாகச் சொன்ன சொல்லே பகைமையின் சான்றாக ஊதிப் பெருக்கப்பட்டது.

கரோலைன் காசி

வதந்திக்கும் செய்திக்கும் இடையிலுள்ள எல்லை மீறப்பட்டபோது உண்மையான மனிதர் ஒருவர் துன்புற்ற நிகழ்வு இது. தூலா என்ற பெயரில் புகழ்பெற்ற ஆங்கிலேய விளம்பர அழகி கரோலைன் காசி, ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி படத்தின் நீச்சல் குளக் காட்சியில் மிகச் சிறிது நேரமே தோன்றினார். படம் வெளியான பின், அவர் ஒரு திருநங்கை என்ற தனிப்பட்ட செய்தியைப் பிரித்தானியச் செய்தித்தாள் ஒன்று அவரது விருப்பத்திற்கு மாறாக வெளியிட்டது. பெயரற்ற துணை வேடத்தில் வந்தவரைப் பாண்ட் பெண் என்று அழைத்ததே அச்செய்திக்குப் பரபரப்பைத் தந்தது.

காசி ஒளிந்துகொள்ளவில்லை. 1982 இல் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். பெண்ணாகச் சட்ட ஏற்பும் திருமண உரிமையும் கோரி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றார். 1990 இல் வெளியான தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. அவர் கோரிய ஏற்பை வழங்கும் சட்டம் ஐக்கிய இராச்சியத்தில் 2004 இல் இயற்றப்பட்டது.

டானியா ராபர்ட்ஸ்

எ வியூ டு எ கில் படத்தின் நாயகி டானியா ராபர்ட்ஸ் இறந்துவிட்டதாக 2021 ஜனவரித் தொடக்கத்தில் அவரது தரப்பிலிருந்தே தவறான அறிவிப்பு வெளியாயிற்று. உலகச் செய்தி நிறுவனங்கள் இரங்கற் குறிப்புகளை வெளியிட்டபின், அவர் மருத்துவமனையில் உயிருடன் இருப்பது தெரியவந்தது. ஜனவரி 4 ஆம் நாள் அவர் காலமானார். ஷெர்லி ஈட்டனைப் பற்றிய வதந்தி வாய்மொழியாகப் பரவியது. இதுவோ சில மணி நேரத்தில் இணையம் வழியாகப் பரவியது.

மணிபென்னி

எல்லா வதந்திகளும் பொய்யாவதில்லை. 2012 இல் வெளியான ஸ்கைஃபால் படத்தில் நயோமி ஹாரிஸ் மணிபென்னியாக நடிக்கின்றார் என்று இரசிகர்கள் முன்னரே ஊகித்தனர். 2011 நவம்பரில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் அவரது வேடம் ஈவ் என்ற களப்பணி உளவாளி என்று மட்டுமே அறிவிக்கப்பட்டது. படத்தின் இறுதியில் அவர் தம் முழுப்பெயரை ஈவ் மணிபென்னி என்று கூறுகின்றார். 1962 முதல் 1985 வரை 14 படங்களில் லோயிஸ் மாக்ஸ்வெல் மேசைக்குப் பின்னால் இருந்து நடித்த வேடத்திற்கு இவ்வாறு களத்தில் ஒரு முன்வரலாறு கிடைத்தது.

பெண் 007

2019 ஜூலையில், அடுத்த படத்தில் லஷானா லிஞ்ச் என்ற கறுப்பினப் பிரித்தானிய நடிகை 007 ஆகத் தோன்றுவார் என்ற செய்தி வெளியானது. ஜேம்ஸ் பாண்ட் வேடமே பெண்ணுக்கு வழங்கப்பட்டுவிட்டது எனப் பலர் இதைப் புரிந்துகொண்டனர். இணையத்தில் லிஞ்ச் இனவெறி கலந்த வசைகளுக்கு ஆளானார். படம் வெளியாக அப்போது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. படத்தின் ஒரு காட்சியைக் கூடப் பார்க்காதவர்களே இந்த வசைகளைப் பொழிந்தனர்.

இக்குழப்பம் பெயரையும் எண்ணையும் ஒன்றெனக் கொண்டதால் விளைந்தது. ஜேம்ஸ் பாண்ட் என்பது ஒரு மனிதரின் பெயர். 007 என்பது பணிநிமித்தம் கொல்லும் உரிமை பெற்ற உளவாளிகளுள் ஒருவருக்கு வழங்கப்படும் எண். நோ டைம் டு டை படத்தில் பாண்ட் பணி ஓய்வு பெற்றபின் அவ்வெண் லிஞ்ச் ஏற்ற நோமி என்ற உளவாளிக்கு வழங்கப்படுகின்றது. பின்னர் நோமி தாமே முன்வந்து அவ்வெண்ணைப் பாண்டுக்குத் திருப்பித் தருமாறு எம் இடம் கேட்கின்றார். எனவே வதந்தி எண்ணைப் பொறுத்தவரை உண்மை, பெயரைப் பொறுத்தவரை பொய்.

ஜேம்ஸ் பாண்ட் என்ற பெயரும் உளவாளிகளிடையே கைமாறும் மறைபெயரே என்ற இரசிகர் கோட்பாடு ஒன்றும் நிலவுகின்றது. இது உண்மையெனில் பெண் ஒருவரும் அப்பெயரை ஏற்கலாம். ஆனால் படங்கள் இதற்கு இடமளிக்கவில்லை. ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி படத்தில் மூரின் பாண்ட், லேசன்பியின் பாண்ட் மணந்த டிரேசியின் கல்லறைக்குச் செல்கின்றார். ஸ்கைஃபால் படத்தில் பாண்ட் என்ற குடும்பப் பெயருடன் அவரது பெற்றோரின் கல்லறை காட்டப்படுகின்றது.

பெண் பாண்ட் குறித்த விவாதம்

பாண்ட் வேடத்தைப் பெண் ஏற்கலாமா என்ற கேள்விக்கு, அப்போதைய தயாரிப்பாளர் பார்பரா பிராக்கொலி 2020 ஜனவரியில் விடையளித்தார். பாண்ட் எந்த இனத்தவராகவும் இருக்கலாம், ஆனால் அவர் ஆணே என்பது அவரது நிலைப்பாடு. ஆணுக்காக எழுதப்பட்ட வேடத்தைப் பெண்ணிடம் கொடுப்பதை விட, பெண்களுக்கென வலிமையான புதிய வேடங்களைப் படைப்பதே சிறந்தது என்றும் அவர் கருதினார்.

இக்கருத்தை ஏற்பவர்கள் உள்ளனர். எனினும் அத்தகைய புதிய வேடங்களுக்குத் தனிப்படம் அமையவில்லை என்பதை மறுதரப்பினர் சுட்டிக்காட்டுகின்றனர். 2002 இல் வெளியான டை அனதர் டே படத்தில் ஹாலே பெர்ரி ஏற்ற ஜின்க்ஸ் வேடத்தை முதன்மையாகக் கொண்டு தனித் திரைப்படம் ஒன்று திட்டமிடப்பட்டது. அத்திட்டம் 2003 இல் கைவிடப்பட்டது. பாண்ட் இல்லாமல் பாண்ட் பெண் தனித்து நிற்க இயலுமா என்ற கேள்வி இதனால் சோதிக்கப்படாமலே நின்றுவிட்டது.

2025 பிப்ரவரியில் இத்தொடரின் படைப்புக் கட்டுப்பாடு பிராக்கொலி குடும்பத்திடமிருந்து அமேசான் எம்ஜிஎம் நிறுவனத்திற்குச் செல்வதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், பிரித்தானிய வெளிநாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.6 இன் தலைவராகப் பிளேஸ் மெட்ரெவெலி பொறுப்பேற்றார். கதையில் எம் வகிக்கும் பதவிக்கு இணையான அப்பதவியை ஏற்ற முதற் பெண் அவரே. திரையில் ஜூடி டென்ச் அவ்விருக்கையில் அமர்ந்து அப்போது முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.